பெரியப்பா கொலையும் மேலண்டை மடையும்

உங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது என்ன பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை உத்தியோகம், சாம்பாரில் உப்பு, யார் வரவில்லை, யார் வந்தும் முகம் கொடுக்கவில்லை என்று ஏதாவது மனுஷர் பேசுகிற பேச்சாக இருக்கும். எங்கள் வீட்டில் பெரியப்பாவைக் கொன்றது யார் என்று பேசுவார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பேசுகிறார்கள். கொலை நடந்தபோது பிறந்திருக்காதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

நம் வயதுக்காரர்கள் வீடுகளில் இப்படி ஒன்று இருக்கத்தான் செய்யும். ஓடிப்போன சித்தப்பா, கிணற்றில் விழுந்த அத்தை, அதைத் தோண்டித் தோண்டிப் பேசுவதற்கென்றே நாலு பேர். அவர்களைப் பார்த்தால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். எனக்குப் பதினொரு வயது. திருவாரூருக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடையில் எங்கள் ஊர். ஆவணி மாதம். என் அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பா, சாப்பிட்டுவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனார். விடிந்து பார்த்தால் வாய்க்கால் கரையில் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். அடித்தது யார் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. டார்ச்சும் கிடைக்கவில்லை. இதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டு என்னென்ன கட்டுகிறார்கள் பாருங்கள்.

அத்தைக்கு வயது எண்பத்தைந்து. பெரியப்பாவின் தங்கை. அவருடைய கட்சி, அந்த வாரம் ஊருக்குள் வந்த பாத்திரக்காரன்தான் கொன்றான் என்பது. பெரியப்பா விரலில் கிடந்த மோதிரத்தை அவன் உற்று உற்றுப் பார்த்தானாம். மோதிரம் விரலிலேயே இருந்ததே அத்தை என்றால், கழற்றாமல் போனானே, அதுதான் அவன் கெட்டிக்காரத்தனம் என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் எழுந்து கை கழுவப் போய்விடுவேன்.

அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வரைபடக்காரர். பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டி வைத்திருக்கிறார். அதைக் கல்யாணத்துக்குக்கூடக் கொண்டுவருகிறார். மடைக்கும் பெரியப்பா கிடந்த இடத்துக்கும் சர்வே சங்கிலிக் கணக்கில் எத்தனை லிங்க்ஸ், கரையின் அகலம் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கிறது. வலது கைக்காரன் அடித்தால் உடம்பு எந்தப் பக்கம் விழும் என்று எழுந்து நின்று விழுந்து காட்டுவார். முழங்கால் வலிக்காரர். போன தடவை விழுந்தவரைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

இவர்களையாவது சமாளித்துக்கொண்டு இருந்தேன். இப்போது என் அண்ணன் மகன் கிளம்பியிருக்கிறான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பெரியப்பா செத்து இருபது வருஷம் கழித்துப் பிறந்தவன். யூடியூபில் ஒரு சேனல் வைத்து, எங்கள் வீட்டுக் கொலையைப் பகுதி பகுதியாகப் போடுகிறான். ட்ரோன் வாடகைக்கு எடுத்து எங்கள் வயலை மேலிருந்து படம் பிடித்திருக்கிறான். பின்னால் ஒரு இசை வேறு, இழவு வீட்டில் பாம்பு புகுந்தது மாதிரி. பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பாத்திரக்காரனோ ட்ரோனோ, எந்த வழியாகப் போனாலும் கடைசியில் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து நிற்பார்கள். அது மேலண்டை மடை.

நம்மில் டவுன்காரர்களும் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். ஒரே வாய்க்கால். கிழக்கே எங்கள் வயல், மேற்கே, அதாவது மேலண்டையில், இன்னொருவர் வயல். இரண்டுக்கும் தண்ணீர் பாய, கரையில் ஆளுக்கொரு வெட்டு. அதுதான் மடை. வேண்டாதபோது மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்துவிடுவார்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை உண்டு. இன்று விடிந்ததிலிருந்து நாளை விடிகிறவரை எங்களுக்கு என்றால், மறுநாள் அவருக்கு. அடுத்தவர் முறையில் மடையைத் திறந்தால் அது திருட்டு. அரிவாள் தூக்கியிருக்கிறார்கள் அதற்காக. அந்த ராத்திரி எங்கள் முறை. விடிந்து பார்த்தபோது எங்கள் வயல் பாதி காய்ந்து கிடந்தது. மேலண்டை வயலில் நடவுப் பயிர் மூழ்கத் தண்ணீர் நின்றது.

பிறகென்ன, துப்புத் துலங்கிவிட்டது. தண்ணீர் திருடினான், பெரியப்பா போய்க் கேட்டார், வாய்ச்சண்டை, மண்வெட்டியால் ஒரே போடு. போலீஸ் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டு ஆண்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மனுஷன் சொல்வதைவிட வயலில் நிற்கிற தண்ணீரைத்தான் நம்புவார்கள்.

மேலண்டை வயல்காரர் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தவர். அவருடைய அப்பா எங்கள் தாத்தாவிடம் பண்ணையில் வேலை செய்தவர். இவர்தான் அந்தக் குடும்பத்தில் முதல் முதலாகத் தன் பேரில் பயிர் வைத்தவர். எங்கள் வீட்டில் பலருக்கு அதுவே ஆகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இப்போது நன்றாகத் தெரிகிறது.

அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மடையைத் திறந்தது யார் என்று கேட்டதற்கு, எனக்குத் தெரியாதுங்க என்றாராம். நாலு நாள் வைத்திருந்தார்கள். நாலு நாளும் அதே பதில். கேட்ட விதம் எப்படிப்பட்டது என்பது அவர் திரும்பி வந்தபோது நடந்த நடையில் தெரிந்தது. அவருக்காகப் பேச வந்த வக்கீல், நண்டு வளை வைத்துக் கரை உடைந்திருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்றுவரை எங்கள் வீட்டில் ஓயவில்லை. யாராவது பொய் சொன்னால் நண்டு வளையா என்று கேட்பார்கள்.

சாட்சி இல்லை, மண்வெட்டியில் ரத்தம் இல்லை. வழக்கு நிற்கவில்லை. ஆனால் குத்தகை போயிற்று. ஊரில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. குடும்பத்தோடு திருவாரூருக்குப் போய் ரைஸ்மில்லில் மூட்டை தைத்தார். காலை இழுத்து இழுத்து நடந்தே வயதாகிச் செத்தும் போனார். எங்கள் கல்யாணப் பந்திகளில் மட்டும் அவர் இன்னும் பெரியப்பாவை அடித்துக்கொண்டேயிருக்கிறார்.

மடை தானாகவா திறந்துகொள்ளும் என்று கேட்பார்கள். எந்தப் பேச்சும் இந்தக் கேள்வியில்தான் முடியும். இதை முதலில் கேட்டவர் என் அப்பா. இல்லை, தானாகத் திறந்துகொள்ளாது. நான்தான் திறந்தேன்.

பதறாதீர்கள், முழுவதும் சொல்கிறேன்.

மேலண்டை வயல்காரர் மகளும் நானும் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அவள் கணக்கில் புலி, நான் அவள் நோட்டைப் பார்த்து எழுதுகிற பூனை. அந்த ஆவணியில் புதுத் தண்ணீர் வந்தபோது ஊரே ஒரு வாசனையாக இருந்தது. சேறும் நாற்றும் அழுகின எருவும் கலந்த வாசனை. வாய்க்கால் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நடப்போம். பொடிக் கெண்டைகள் கணுக்காலைக் கொத்தும்.

மடையைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுகிற இடத்தில் கூடையைப் பிடித்தால் மீன் வந்து விழும். டெல்டாவில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த வித்தை. பெரியப்பா செத்த அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் மடையில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஆனால் வயலும் வாய்க்காலும் சமமாக இருந்ததால் விழுகிற வேகம் போதாது. மேலண்டை வயல் இறக்கம். அதனால் அந்த மடையில் மீன் அள்ளும். அவள் வேண்டாம் என்றாள், இன்றைக்கு உங்க முறை, எங்க மடை திறந்திருந்தால் அப்பாவைத் திட்டுவார்கள் என்றாள். எங்க தண்ணிதானே என்று நான் காலாலேயே மண்ணை உதைத்துத் திறந்தேன். குளிர்ந்த மண். வைக்கோல் விரலிடுக்கில் சிக்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

ஆறேழு கெண்டையும் ஒரு குரவை மீனும் விழுந்தன. குரவை கூடைக்குள் துள்ளி அவள் பாவாடையெல்லாம் சேறு. அதற்குள் மழை தூற்றல் போட்டது. அவள் மடையை அடைக்கக் குனிந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். நனைந்தால் அம்மா அடிப்பாள் என்ற பயம் எனக்கு. நான் வீட்டில் சொல்லிக்கிறேன், யாராவது வந்து அடைச்சிடுவாங்க, வா என்றேன். ஓடி வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் மீனைப் பார்த்து அம்மா கத்தினாள், சுடச்சுடக் கடலை கொடுத்தாள், நான் மடையை மறந்தே போனேன். அவ்வளவுதான். ஒரு குழந்தை மறந்துபோனதுதான்.

மறுநாள் காலை வாய்க்கால் கரையில் ஆண்கள் கூட்டமாக நின்று அந்த மடையைப் பார்த்தார்கள். அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்றிருந்தேன். என் பாவாடையில் மீன் வாடை அடித்தது. வாயைத் திறந்தால் பெரியப்பாவைக் கொன்றது நான் என்று ஆகிவிடும் என்று பயந்தேன். அந்தப் பயம் முழுக்க முட்டாள்தனம் என்றும் சொல்ல முடியாது. யார் அடித்தார்களோ தெரியாது. ஆனால் எங்கள் வயலில் ஏன் தண்ணீர் ஏறவில்லை என்று பார்க்கத்தானே அவர் மேலண்டைப் பக்கம் போயிருப்பார். இதை நினைக்காமல் நான் படுத்த நாள் குறைவு.

எனக்குக் காய்ச்சல் வந்தது. பெரியவர்கள் கூடி, குழந்தைக்குப் பெரியப்பா மேல் உயிர், அதனால்தான் ஏங்கிப்போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதின தண்ணீர் தெளித்துக் கையில் கயிறு கட்டினார்கள். பெரியப்பா பார்க்கும்போதெல்லாம் என் காதைத் திருகுகிறவர். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அதைக்கூட ஒருவரும் கவனித்ததில்லை. இவர்கள்தான் கொலையாளியைக் கண்டுபிடித்தவர்கள்.

காய்ச்சல் விட்டுப் பள்ளிக்கூடம் போனபோது வாத்தியார் எங்களைப் பிரித்து வேறு வேறு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். அப்பா சொல்லியிருப்பார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நோட்டில் ரப்பரை வைத்து அழித்துக்கொண்டிருந்தேன். அழிக்க அதில் ஒன்றுமில்லை. மாதம் முடிவதற்குள் அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அவளும் பயந்துகொண்டு சொல்லாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்கு அது வசதியாக இருந்தது.

அவள் படித்து டீச்சராகி, தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். திருவாரூரில் தேரோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் கூட்டத்தில் அவள் முகம் தென்படுமோ என்று தலையைக் குனிந்துகொண்டு போவேன். போன மாதம் அவளே போன் செய்தாள். என் நம்பரை எப்படிக் கண்டுபிடித்தாளோ.

"உங்க அண்ணன் புள்ள போடுறத எங்க ஸ்கூல் புள்ளைங்க எனக்கே அனுப்புதுங்க. வர்ற ஞாயித்துக்கெழம எங்கப்பா போட்டோவ வச்சுப் பேரு சொல்லப் போறாராம். அது மட்டும் வராமப் பாத்துக்குங்க."

வேறு ஒரு வார்த்தை இல்லை. நலம் விசாரிப்பு இல்லை. அவள் என்னை வாங்க போங்க என்றது கேட்கக் கூசியது.

சரி, தடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் வாயைத் திறக்காமல். அண்ணன் மகனுக்குப் போன் செய்து மானநஷ்ட வழக்கு வரும் என்றேன். செத்தவருக்கு மானநஷ்டம் இல்லை என்று சட்டம் பேசினான். கிரகம் சரியில்லை என்றேன். சிரித்தான். அண்ணனிடம் சொன்னேன். பையன் ஏதோ ஆசைப்படுகிறான் விடு என்றார். உண்மை வெளியில் வரவேண்டாமா அத்தை என்று அவன் என்னையே கேட்டான். போனைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன், என் மகள் வாங்கிக் கொடுத்தது.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா பேரனுக்குக் காதுகுத்து. எல்லாரும் வந்திருந்தார்கள். பந்தி முடிந்தது. அத்தான் குழாயை எடுத்தார், சார்ட் பேப்பரை விரித்தார், நாலு மூலையிலும் வெற்றிலைத் தட்டு, சொம்பு என்று எடை வைத்தார். அண்ணன் மகன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அத்தான் மேலண்டை மடையில் விரலை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. யார் மேல் என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. எழுந்தேன்.

"நான்தான் தொறந்தேன் அத்தான். மீன் புடிக்கிறதுக்கு. அடைக்க மறந்துட்டேன். அந்த மனுஷனுக்கு அது தெரியவே தெரியாது."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன், அண்ணன் அடிக்க வருவார் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளையை விட்டு மடையைத் திறக்க அவன்தான் தூண்டியிருப்பான், இது இன்னும் பெரிய திட்டம் என்றார். அத்தை, பாத்திரக்காரன் கூடை கொடுத்தானா என்று என்னைக் கேட்டார். பத்தே நிமிஷத்தில் நான் சொன்னதையும் சேர்த்து அரைத்துப் புது மாவு கரைத்துவிட்டார்கள். ஐம்பது வருஷம் நெஞ்சில் வைத்திருந்ததற்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது. அண்ணன் மகன் மட்டும் என் பக்கத்தில் வந்து, மெதுவாக, இதைக் கேமரா முன்னால் சொல்கிறீர்களா அத்தை என்றான். அவன் முகத்தில் முதல் தடவையாக ஒரு தயக்கம் இருந்தது. சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒருவரைப் பார்க்கவேண்டும் என்றேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் திருவாரூர் போனேன். விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் நின்றேன். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடி வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள். கூடத்தில் அவள் அப்பா படம், மாலையில்லாமல், சாதாரணமாகச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தவுடனேயே சொன்னேன், எங்கே தைரியம் போய்விடுமோ என்று. எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், வீடியோவிலும் சொல்லப் போகிறேன், உன் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று ஊருக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அவள் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். திரும்பி வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும்" என்றாள். "ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போக ஆளு வந்து வாசல்ல நிக்கிது. நான் அழுதுகிட்டே சொல்லிட்டேன், நாங்க ரெண்டு பேருந்தான் தொறந்தோம்னு. அப்பா என் வாயப் பொத்திட்டாங்க. பொம்பளப் புள்ளைங்களக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒக்கார வச்சா அப்புறம் வாழ்நாளுக்கும் பேரு போயிடும், நீயும் சொல்லாத, அந்தப் புள்ளயும் சொல்லக் கூடாது, நான் பாத்துக்கிறேன்னாங்க."

நாலு நாள் கேட்டார்கள் அவரிடம்.

"இப்ப நமக்கு அறுபத்திரெண்டு வயசாயிட்டு. இனிமே யாரும் நம்மள ஸ்டேஷன்ல ஒக்கார வைக்க மாட்டாங்க. அந்தப் பையனை இங்க வரச் சொல்லு. ரெண்டு பேருமாச் சொல்லுவோம்."

சரி என்று தலையை ஆட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் எத்தனை வருஷம் பயந்து செத்தேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ பயப்படுவேன்னு அப்பாவுக்குத் தெரியும். திரும்பி வந்து காலுக்கு எண்ணெ போட்டுகிட்டுக் கெடந்தப்ப, அந்தப் புள்ளகிட்ட போய்ச் சொல்லிட்டு வா, ஒன்னும் ஆவாது, பயப்பட வேணாம், அவ மேல தப்பு இல்லன்னு நான் சொன்னேன்னு சொல்லுன்னு என்ன அனுப்புனாங்க. ஒங்க தெரு முனை வரைக்கும் வந்தேன். ஒங்க வீட்டு வாசல்ல ஒங்கப்பா நாலு பேரோட நின்னு எங்கப்பாவப் பேசிகிட்டிருந்தாங்க. திரும்பிப் போயி, சொல்லிட்டேன்னு பொய் சொல்லிட்டேன்."

நான் அவள் அப்பா படத்தைப் பார்த்தேன்.

"சாகறப்பக்கூட கேட்டாங்க, அந்தப் புள்ள அப்ப என்ன சொல்லிச்சுன்னு. நீ அழுதேன்னு சொன்னேன்."